வீட்டு ஃபிளைட் சிமுலேட்டர் யோக்கில் பட்டன்களையும் மோட் சுவிட்சையும் எப்படி அமைத்துக்கொள்வது?

செகண்ட் ஹேண்டில் ஒரு யோக் (விமானத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் மாதிரியான கைப்பிடி) வாங்கியிருப்பதாகவும், கைப்பிடியில் 1, 2, 3 என்று போட்ட மோட் சுவிட்ச் எதற்கென்று புரியவில்லை என்றும் மன்னார்குடி அன்பர் கேட்டிருக்கிறார்.

நான் பாபநாசத்தில் (தஞ்சாவூர் பாபநாசம், அருவி இருக்கிற பாபநாசம் இல்லை) மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். நிஜ விமானத்தில் ஏறியது ஒரே ஒரு தடவை. ஆனால் கடை சாத்திய பிறகு திருச்சியில் கிளம்பி, கல்லணையில் காவிரியைப் பிடித்து, அதன் மேலேயே பூம்புகார் வரை போய்த் திரும்புவது ஏழு வருஷப் பழக்கம்.

முதலில் என் மானம் போன கதை. யோக் வந்த புதிதில் மோட் சுவிட்சைப் பார்த்ததும் ஆசை தாங்கவில்லை. பன்னிரண்டு பட்டன், மூன்று மோட், ஆக முப்பத்தாறு வேலை என்று கணக்குப் போட்டு ஒன்று விடாமல் நிரப்பினேன். வலது கட்டைவிரல் பட்டன் மோட் ஒன்றில் ஃபிளாப்ஸ் (இறக்கையின் பின்பக்க மடக்குத் தகடு) இறக்கும்; அதே பட்டன் மோட் இரண்டில் சக்கரத்தை மாற்றும், அதாவது இறங்கியிருந்தால் ஏற்றும், ஏறியிருந்தால் இறக்கும். ஒரு நாள் பேரன் (Baron) என்ற இரட்டை இன்ஜின் விமானத்தில் துவாக்குடிப் பக்கமிருந்து திருச்சி 27-ஆம் ஓடுபாதைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். கடைசி ஃபிளாப்புக்காகப் பட்டனை அழுத்தினேன். மோட் இரண்டில் இருந்தது. சக்கரம் இறங்கவில்லை என்று ஹாரன் அடித்தது, அதை வேகம் குறைந்துவிட்டதற்கான ஹாரன் என்று நினைத்து மூக்கைத் தாழ்த்தினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன், "அப்பா, சக்கரத்தக் காணும்ப்பா" என்று சொல்லி முடிப்பதற்குள் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஓடுபாதையில் போய்க்கொண்டிருந்தோம்.

மோட் சுவிட்ச் என்பது நம் கல்யாண மண்டபத்து சேஞ்ச் ஓவர் மாதிரிதான். மேலே தள்ளினால் இ.பி., கீழே தள்ளினால் ஜெனரேட்டர். ஆனால் அங்கே எதில் இருந்தாலும் எரிவது அதே விளக்கு. இங்கே மோட் சுவிட்ச் எந்த எண்ணில் இருக்கிறதோ அதற்கேற்ப, ஃபேன் சுவிட்சைப் போட்டால் மிக்ஸி ஓடும். அவசரத்தில் கை எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் நான் இப்போது வைத்திருக்கும் முறை இது. ட்ரிம் (யோக்கை அழுத்திப் பிடிக்காமலே மூக்கை ஒரே நிலையில் நிறுத்த உதவுவது), ஆட்டோபைலட்டைத் துண்டிக்கும் பட்டன், ரேடியோவில் பேச அழுத்தும் பட்டன் ஆகிய மூன்றும் எந்த மோடிலும் மாறாது. செஸ்னா 172 என்ற சின்ன நிஜ விமானத்திலும் மின்சார ட்ரிம் இருந்தால் பைலட்டின் இடது கை விரல் எட்டும் இடத்தில்தான் அந்த சுவிட்சும் சிவப்புத் துண்டிப்பு பட்டனும் இருக்கும். கண்ணால் தேடக் கூடாது என்பதுதான் காரணம். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியிலிருந்து நிற்கிற சுகோய் 30-லும் இதே யோசனைதான்: ஸ்டிக்கையும் த்ராட்டிலையும் விட்டுக் கை எடுக்காமலே வேலை நடக்க வேண்டும். (அது எங்கள் தலைக்கு மேல் போகும்போது கடையில் ஸ்பேனர் எல்லாம் அதிரும்.)

மோட் மாறினால் மாற வேண்டியவை, தப்பாக அழுத்தினாலும் ஒன்றும் ஆகாதவை மட்டுமே. எனக்கு மோட் ஒன்று ஜன்னல் வழியாகப் பார்க்கும் கோணங்கள், இரண்டு ஆட்டோபைலட்டின் உயரம், திசைக் குமிழ்கள், மூன்று விளக்குகள். கிளம்ப ஒன்று, பறக்க ஒன்று, இறங்க ஒன்று என்று பிரிக்கச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். மாற்ற மறந்துபோவது சரியாக இறங்கும்போதுதான். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இனி செய்முறை. விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து மோட் சுவிட்சைத் திருப்புங்கள். ஏதாவது ஒரு எண் விளக்கு எரிந்து, அங்கேயே எரிந்தபடி நின்றால் நல்லது; சிமுலேட்டருக்கு உங்கள் சுவிட்ச் தெரிகிறது. எரியவில்லை என்றால் யோக்கோடு வந்த மென்பொருள் வழியாக மட்டும்தான் அது வேலை செய்யும்.

சுவிட்ச் தெரிகிறது என்பதற்காக சிமுலேட்டருக்கு மோட் புரிந்துவிடாது. அதற்கு அது விடாமல் அழுத்திப் பிடித்த இன்னொரு பட்டன், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 பதிப்பில் இரண்டு பட்டன்களைச் சேர்த்து ஒரே வேலைக்குக் கொடுக்கலாம், அதில் ஒன்றாக மோட் எண்ணை வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரில் நான் ஃபிளை வித் லுவா என்ற இலவச இணைப்பை வைத்துச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். காசு கொடுக்கத் தயார் என்றால் எஃப்.எஸ்.யூ.ஐ.பி.சி., ஸ்பேட் நெக்ஸ்ட் என்ற மென்பொருள்கள் இரண்டிலும் 'இந்தப் பட்டன் அழுந்தியிருந்தால் மட்டும்' என்ற நிபந்தனை போட வழி உண்டு. எதைத் தொடுமுன்னும் சிமுலேட்டர் தானாகக் கொடுத்த அமைப்பை நகலெடுத்து, அதில் உள்ளதை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். பாதிப் பேய் வேலைகளுக்குக் காரணம் அந்தப் பழைய ஒதுக்கீடுகள்தான்.

நின்ற இடத்தில் நிற்கும் சுவிட்சுகளுக்கு 'மாற்று' என்ற கட்டளையைக் கொடுக்காதீர்கள். 'போடு' ஒன்று, 'அணை' ஒன்று என்று தனித்தனியாகக் கொடுங்கள். ஹனிகோம்ப் ஆல்ஃபா யோக்கில் போடுவதற்கும் அணைப்பதற்கும் தனித்தனி எண்ணே வரும். மாற்றுக் கட்டளை கொடுத்தால் விமானம் விளக்கு எரிந்தபடி தொடங்கும் நாளில் எல்லாம் தலைகீழாகிவிடும்.

யோக்கில் மோட் சுவிட்சே இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்டுயினோ லியோனார்டோ என்ற சின்ன எலெக்ட்ரானிக் போர்டில் அதற்கான நிரலை ஏற்றினால் கம்ப்யூட்டருக்கு ஜாய்ஸ்டிக்காகவே தெரியும். பழைய ஊனோ போர்டு (ஆர்3 வரை) நேரடியாக அப்படித் தெரியாது. மூன்று நிலை சுவிட்ச் ஒன்றைச் சேர்த்து மோட் கணக்கைப் போர்டுக்குள்ளேயே முடித்துவிடலாம். கம்ப்யூட்டருக்குப் போவது முப்பத்தாறு தனிப் பட்டன்கள். 2006-இல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் பழைய சிமுலேட்டர் எஃப்.எஸ்.எக்ஸ் மட்டும் 32-க்கு மேல் பார்க்காது. இதில் எனக்கு இரண்டு ராத்திரி போனது ஒரு சிக்கலில்: பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும்போதே மோடை மாற்றினால், விரலை எடுத்த செய்தி புது எண்ணுக்குப் போகும். பழைய எண் அழுந்தியபடியே கிடக்கும். கேமரா தானாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. வயரைக் குறை சொல்லி எல்லா ஜாயிண்டையும் மறுபடி பற்றவைத்தேன். மோட் மாறிய நொடியில் எல்லா எண்களையும் விடுவிக்க ஒரு வரி சேர்த்ததும் சரியானது.

எல்லாம் முடிந்ததும் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு உட்காருங்கள். வீட்டில் யாரையாவது "ட்ரிம்", "ஃபிளாப்ஸ்" என்று கத்தச் சொல்லுங்கள். விரல் தேடினால் அந்தப் பட்டன் தப்பான இடத்தில் இருக்கிறது. என் மகன் வேண்டுமென்றே "சக்கரம்!" என்று கத்துவான். அது இப்போது யோக்கில் இல்லை, கீபோர்டில் ஜி எழுத்துக்குப் போய்விட்டது. அந்தக் கட்டையில் அம்மாவின் நெயில் பாலிஷை எடுத்துச் சிவப்பாக ஒரு பொட்டு வைத்திருக்கிறான்.