போஸ்டர் போட்டால் ஆய்வு களவு போகுமா?

கேள்வி: காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதியை வைத்து, அது எந்த மருந்துக்கு மசியாது என்று கணிக்கும் நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். கட்டுரை இன்னும் வெளிவரவில்லை. கணினிவழி உயிரியலுக்கான ஐஎஸ்எம்பி மாநாட்டுக்குப் போஸ்டர் (ஆய்வைச் சுருக்கி மாட்டிவைக்கும் தாள்) அனுப்ப ஆசை. "காட்டினால் எவனாவது முந்திக்கொள்வான், அப்புறம் எந்த ஜர்னலும் எடுக்காது" என்கிறார் கைடு. ஒரு ஏஜென்டோ, 18 ஆயிரம் ரூபாய்க்கு மாநாடு, ஸ்கோபஸ் என்ற ஜர்னல் பட்டியலில் ஏறும் கட்டுரை இரண்டையும் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?
– ஆய்வு மாணவி, கோவை

பதில்: போஸ்டரை அனுப்புங்கள். ஏஜென்டின் நம்பரை பிளாக் செய்யுங்கள்.

1993 முதல் நடக்கும் ஐஎஸ்எம்பிக்குள் நுழைய ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள் உண்டு. முழுக் கட்டுரையாக ஏற்கப்பட்டால் அது 'பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்' ஜர்னலில் வந்துவிடும். அதை வேறெங்கும் கொடுக்க முடியாது. போஸ்டருக்கு அனுப்புவது வெறும் சுருக்கம். அதைக் காரணம் காட்டி ஜர்னல்கள் உங்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பாது.

முந்திக்கொள்வார்கள் என்ற பயத்துக்கு மருந்து, தேதி. மாநாட்டுக்கு முன்பே கட்டுரையை பயோஆர்கைவ் தளத்தில் ப்ரீபிரிண்டாக, அதாவது ஜர்னலில் வரும் முன்பே எல்லோரும் படிக்கும் பிரதியாக, ஏற்றிவிடுங்கள். 2013ல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் தொடங்கிய தளம் அது, காசு கிடையாது. யார் முதலில் செய்தது என்ற பேச்சு வந்தால் அந்தத் தேதி உங்களுக்காகப் பேசும்.

காப்புரிமை எண்ணம் இருந்தால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவுப்படி அல்காரிதத்துக்கும் வெறும் கணினி நிரலுக்கும் காப்புரிமை இல்லை. ஆனால் அதை வைத்துப் பரிசோதனை கிட் ஏதாவது செய்யும் திட்டம் உங்கள் கைடுக்கு இருக்கலாம், கேளுங்கள். இருந்தால், முதலில் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம், பிறகுதான் ப்ரீபிரிண்ட், போஸ்டர் எல்லாம். விண்ணப்பிக்கும் முன் வெளியே சொல்லிவிட்டால் காப்புரிமை கை நழுவலாம். அறிஞர் சங்கத்தின் முன் கட்டுரை படித்தவருக்கு 31ஆம் பிரிவு விண்ணப்பிக்க 12 மாத அவகாசம் தருகிறதே என்பீர்கள். போஸ்டர் மாட்டி நின்றது 'படித்தது' ஆகுமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். அதை நம்பி நீங்கள் இறங்க வேண்டாம். ஐரோப்பாவில் அந்த அவகாசமும் இல்லை. இன்னொன்று: சுருக்கங்களை மாநாட்டுக்கு முன்பே இணையத்தில் போட்டுவிடுவார்கள். விஷயம் வெளியானது அன்றைக்குத்தான், நீங்கள் போஸ்டர் மாட்டிய நாளில் அல்ல.

இப்போது ஏஜென்ட். சில வருடங்களுக்கு முன், நான் கால் வைத்தே இராத ஊரில் நடந்த ஒரு 'சர்வதேச' மாநாட்டின் சிறப்புரையாளர் பட்டியலில் என் போட்டோ இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. பணம் கட்டிப் போன மாணவர் ஒருவர் பிறகு சொன்னார்: ஓட்டல் அறை, ஒரு பேனர், ஏழெட்டுப் பேர், மதியச் சாப்பாட்டோடு சான்றிதழ். இதே வேலைக்காக 2019ல் மாநாடுகளும் ஜர்னல்களும் நடத்தும் ஐதராபாத்தின் ஓமிக்ஸ் குழுமம் 5 கோடி டாலருக்கு மேல் கட்ட வேண்டும் என்று அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. சம்மதம் தராத விஞ்ஞானிகளின் பெயரைக் காட்டி ஆள் பிடித்ததும் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

இதயநோய், நானோ, செயற்கை நுண்ணறிவு, விவசாயம் எல்லாம் ஒரே அரங்கில் என்றால் ஓடுங்கள். அனுப்பிய மறுநாளே 'ஏற்றுக்கொண்டோம்' என்றாலும், தனிநபர் ஜிபே எண்ணுக்குப் பணம் கேட்டாலும் அப்படியே. சந்தேகமா, பட்டியலில் உள்ள பேச்சாளர் ஒருவருக்கு நேராக மெயில் போட்டு "நீங்கள் வருகிறீர்களா" என்று கேளுங்கள். பாதிப் பேர் "எங்கே?" என்பார்கள்.

இந்த ஏஜென்டுகளை வளர்த்துவிட்டதே நம் ஆட்கள்தான். ஆய்வேட்டுக்கு முன் ஒரு கட்டுரை, இரண்டு மாநாட்டு உரை என்று 2016ல் கட்டாயமாக்கிய யுஜிசி, 2022ல் அதைக் கைவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் இன்னும் விடவில்லை. ஆய்வில் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்ப்பதைவிட ஸ்கோபஸ் எண்ணிக்கையைக் கூட்டிப்போடுவது அவர்களுக்குச் சுலபம். பணம் கட்டுவது மாணவர்.

அந்த 18 ஆயிரத்தைப் பதிவுக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாநாட்டை நடத்தும் ஐஎஸ்சிபி சங்கம் மாணவர்களுக்குப் பயண உதவி தருகிறது. அதன் கடைசித் தேதியை இன்றே பாருங்கள். நோயாளிகளின் மாதிரிகளிலிருந்து வந்த தரவு என்றால் மருத்துவமனையின் அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும். கைடு சம்மதிக்காமல் மட்டும் ப்ரீபிரிண்டை ஏற்றிவிடாதீர்கள். ஒருமுறை போட்டால் சுவடில்லாமல் எடுக்க முடியாது, அதில் அவர் பெயரும் இருக்கும்.