ஜோக் கஞ்சி குழையவில்லையா? அரிசிப் பையைத் திருப்பிப் பாருங்கள்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். குடும்பத்தோடு பாங்காக் போனபோது தங்கிய இடத்துக்குப் பக்கத்தில் காலையில் விற்ற ஜோக் (அரிசி பருக்கை தெரியாமல் கரைந்து கூழாக வரும் தாய்லாந்துக் கஞ்சி) அவருடைய அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பல்செட் வைத்திருப்பவர், மெல்லவே வேண்டியதில்லை என்பதில் அவருக்குத் தனி சந்தோஷம். ஊருக்கு வந்து வீட்டு அரிசியில் செய்து பார்த்தால் குக்கரில் ஆறு விசில் விட்டும் பருக்கை பருக்கையாக நிற்கிறது, கிண்ணத்தில் ஊற்றினால் தண்ணீர் மேலே, சோறு கீழே. ஆன்லைனில் 'தாய் ஜாஸ்மின் பாரிட்ஜ் ரைஸ்' கிலோ 600 ரூபாய் என்று விற்கிறார்கள், அதை வாங்கினால் சரியாகுமா? நாங்கள் பன்றி சாப்பிடுவதில்லை, கோழி போடலாமா?

வாங்காதீர்கள். கோழி தாராளமாகப் போடலாம்.

உங்கள் கஞ்சி குழையாததற்குக் காரணம், நீங்கள் சொல்லாவிட்டாலும் ஊகிக்க முடிகிறது: வீட்டில் இருப்பது புழுங்கல் அரிசி. நெல்லாக இருக்கும்போதே ஊறவைத்து ஆவியில் வேகவிட்டுக் காயவைத்துத்தான் அதை அரைக்கிறார்கள். உள்ளே இருக்கும் மாவுச்சத்து ஒருமுறை வெந்து இறுகிவிட்டது. சாப்பாட்டுக்கு உதிரியாக வருவது அந்தக் குணத்தால்தான், கஞ்சியில் அதுவே சத்துரு. ஆறு விசில் என்ன, பத்து விசில் விட்டாலும் பருக்கை மெத்தென்று ஆகுமே தவிர உடைந்து கரையாது. ஜோக்குக்குப் பச்சரிசி வேண்டும். அதிலும் முழு அரிசி வேண்டாம், நொய் போதும்.

பாங்காக்கில் கடைக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதும் அதுதான். சீனாவின் தென்பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்களோடு வந்த கஞ்சி இது. ஹொம் மலி என்கிற மல்லிகை அரிசியை ஆலையில் தீட்டும்போது உடைந்து விழும் நொய் முழு அரிசியைவிட விலை குறைவு, சீக்கிரம் வேகும், சீக்கிரம் கரையும். அப்படியிருக்க, கஞ்சிக்கென்றே 'ஸ்பெஷல்' அரிசி என்று முழு அரிசியைவிட அதிக விலைக்கு ஒருவர் விற்கிறார் என்றால் அவர் யாருடைய நன்மைக்காக அந்தப் பெயரை வைத்தார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த 'ஜாஸ்மின்' விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாறுவது இங்கேதான். தாய்லாந்து அரசு 'தாய் ஹொம் மலி' என்ற பெயரை எல்லா வாசனை அரிசிக்கும் கொடுப்பதில்லை. காவ் டாக் மலி 105, கோர் கோர் 15 என்கிற இரண்டு ரகங்களுக்குத்தான் அந்தப் பெயர். பையில் குறைந்தது 92 சதவீதம் அந்த அரிசி இருக்க வேண்டும், அவர்கள் வர்த்தகத் துறை ஒரு பச்சை வட்ட முத்திரையும் கொடுக்கிறது. இந்த ரகங்கள் வருஷத்துக்கு ஒரு போகம்தான், பகல் நேரம் குறையும்போதுதான் பூக்கும், அறுவடை நவம்பர் வாக்கில். பதும் தானி 1 என்று இன்னொரு வாசனை ரகம் இருக்கிறது. அது ஹொம் மலி ஆகாது, விலையும் குறைவு. வியட்நாமிலும் ஜாஸ்மின் என்ற பெயரில் அரிசி விளைகிறது. எல்லாமே சாப்பிட நல்ல அரிசிதான், குறை சொல்லவில்லை. ஆனால் பெரிய மூட்டையாக வாங்கி அரைக் கிலோ பொட்டலமாகக் கட்டும் இடைத்தரகர் எல்லாவற்றின் மேலும் யானைப் படம் போட்டு ஒரே பெயரில், ஒரே விலையில் விற்கிறார். எந்த ரகம், எந்த ஆலை, எந்த வருஷத்து அறுவடை, எதுவும் இருக்காது. அசல் பையாகவே இருந்தாலும் இறக்குமதியாளர் ஒட்டும் வெள்ளை ஸ்டிக்கர் சரியாகத் தேதி இருக்கும் இடத்தின் மேல் போய் உட்கார்ந்திருக்கும். லேபிளில் இன்னின்ன இருக்க வேண்டும் என்று சட்டம் எழுதியவர்கள் அதை ஒரு சாதாரணக் கண் படிக்க முடியுமா என்று ஒருமுறை கடைக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். தேதி இங்கே ரொம்ப முக்கியம். மல்லிகை அரிசியின் வாசனை காற்றில் போய்விடும் வாசனை. அலமாரியில் ஒன்றரை வருஷம் இருந்த பொட்டலத்தில் நீங்கள் 600 ரூபாய் கொடுப்பது படத்துக்குத்தான்.

அதனால் முதலில் உள்ளூரிலேயே தேடுங்கள். காங்கேயம் பக்கம் அரிசி ஆலைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் போய் வெறுமனே 'நொய் இருக்கா' என்று கேட்காதீர்கள், அங்கே பெரும்பாலும் புழுங்கல் நொய்தான் கிடைக்கும், வாங்கி வந்தால் மறுபடியும் அதே பருக்கைதான். 'பச்சரிசி நொய், இந்த வருஷத்து அரிசி' என்று கேளுங்கள். கடையில் கேட்டால் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள், நொய் என்றால் கோழிக்கா என்பார்கள். நாட்டில் அரிசிக்குக் குறைவில்லை. நொய் தீவனத்துக்குப் போகிறது, எத்தனாலுக்குப் போகிறது, 2022 செப்டம்பரில் ஏற்றுமதிக்குத் தடை போட்டு 2025 மார்ச்சில் எடுத்தார்கள், இத்தனை கூத்துக்கும் நடுவில் சுத்தம் செய்த ஒரு கிலோ நொய்யை மளிகைக் கடையில் வைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. கிடைக்கவே இல்லை என்றால் சாதாரணப் பச்சரிசியை ஊறவைத்து வடித்து, மிக்சியில் இரண்டு சுற்று மட்டும் விட்டு எடுங்கள். ஒவ்வொரு அரிசியும் மூன்று நான்கு துண்டாக உடைந்தால் சரி. மாவாக்கிவிடாதீர்கள். மாவில் செய்த கஞ்சி சுவரொட்டி ஒட்டுகிற பசை மாதிரி இருக்கும், ஆறினதும் கத்தியால் வெட்டலாம். 

நம் பச்சரிசி மல்லிகை அரிசி அளவுக்குப் பசைத்தன்மை உள்ளதல்ல. வெள்ளை ஒட்டரிசி கிடைத்தால் ஒரு கப் நொய்க்கு இரண்டு தேக்கரண்டி சேருங்கள். கிடைக்காவிட்டால் அதற்காக அலைய வேண்டாம்.

இப்போது செய்முறை. ஒரு கப் நொய்யைக் கழுவி ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, அரைக் கரண்டி எண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுப் பிசறி வையுங்கள். கோழி எலும்பு, ஒரு துண்டு முள்ளங்கி, தட்டின பூண்டு, கொத்தமல்லி வேர், சில மிளகு போட்டு ஒரு மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு வடிகட்டின சாறு பத்து கப் வேண்டும். எட்டு கப்பை அடிகனமான பாத்திரத்தில் கொதிக்கவிட்டு நொய்யைப் போடுங்கள், மீதி இரண்டு கப் பக்கத்து அடுப்பில் சூடாகவே இருக்கட்டும். சாறு கொதிக்கும்போதுதான் அரிசி போட வேண்டும், பச்சைத் தண்ணீரில் போட்டு ஏற்றினால் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். முதல் பத்து நிமிஷம் விடாமல் கிண்டுங்கள். பிறகு சின்னத் தீயில் அரை மணி நேரம், இரண்டு நிமிஷத்துக்கு ஒரு கிண்டல். கடைசியில் பருப்பு மத்தால் நன்றாகக் கடையுங்கள். உங்கள் 'தண்ணீர் மேலே, சோறு கீழே' பிரச்சினைக்கு மருந்து இப்படிக் கிண்டுவதும் கடைவதும்தான். அரிசி வெந்தால் மட்டும் போதாது, உடைந்து அதன் மாவு சாறோடு கலக்க வேண்டும். மூடிய குக்கருக்குள் யார் கிண்டுவது? குக்கர்தான் வசதி என்றால் பாதிக்கு மேல் நிரப்பாமல் (கஞ்சி பொங்கி விசில் துளையை அடைக்கும்) இரண்டு விசில் விட்டு, ஆவி தானாக அடங்கினதும் திறந்து, மீதியைத் திறந்த பாத்திரமாகவே வைத்துக் கடைந்து முடியுங்கள். கெட்டியானால் சூடான சாறு ஊற்றித் தளர்த்தலாம், பச்சைத் தண்ணீர் வேண்டாம்.

இன்னொரு விதமாகவும் கஞ்சி நீர்த்துப்போகும், அது நிறையப் பேருக்குத் தெரியாது. எச்சில். நம் உமிழ்நீரில் மாவுச்சத்தை உடைக்கிற நொதி இருக்கிறது, வாயில் வைத்த கரண்டியைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால் கடைசியில் கிண்ணத்தில் தண்ணீர்தான் மிஞ்சும். மெதுவாகச் சாப்பிடும் பெரியவர்கள் கிண்ணத்தில் இது நன்றாகத் தெரியும். அப்பாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுங்கள். ருசி பார்த்த கரண்டியைப் பெரிய பாத்திரத்தில் விடவே கூடாது, மிச்சம் மொத்தமும் கெட்டித்தன்மை இழந்துவிடும்.

கோழி: கொத்துக்கறியாக வாங்குங்கள், நெஞ்சுக்கறி மட்டும் வேண்டாம், காய்ந்துபோகும், தொடைக்கறி கலந்து இருக்கட்டும். கொத்தமல்லி வேர், பூண்டு, வெள்ளை மிளகு மூன்றையும் உரலில் இடித்தால் தாய் சமையலின் பாதி வாசனை அதிலேயே இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த வேருக்கு நாயாய் அலைகிறார்கள், நமக்குச் சந்தையில் கட்டோடு சும்மா வருகிறது, அதை வெட்டிக் குப்பையில் போடுகிறோம். இந்த விழுதோடு லைட் சோயா சாஸ் ஒரு கரண்டி, மரவள்ளி மாவு ஒரு தேக்கரண்டி சேர்த்துக் கறியை ஒரே பக்கமாகப் பிசைந்து, கொதிக்கும் கஞ்சியில் சின்னச் சின்ன உருண்டையாகக் கிள்ளிப் போடுங்கள், ஐந்தாறு நிமிஷத்தில் வெந்துவிடும். பன்றியின் கொழுப்பு ருசி வராது, ஆனால் பூண்டை எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து அந்த எண்ணெயோடு மேலே ஊற்றினால் அந்தக் குறையைப் பெரும்பாலும் மறைத்துவிடும். சோயா சாஸ் வாங்கும்போது கவனம்: ஃபாஸ்ட் ஃபுட் கடைக்காரர்கள் கவிழ்க்கும் கறுப்பு சாஸ் இதற்கு ஆகாது, கஞ்சி சேற்று நிறமாகிவிடும். உப்புக்கு மீன் சாஸ், அதுவும் கிண்ணத்தில்தான். பின்பக்கம் படியுங்கள், நெத்திலி, உப்பு, மிஞ்சிப்போனால் சர்க்கரை, அவ்வளவுதான் இருக்க வேண்டும். மேலே இஞ்சியை நூலாக நறுக்கியது, வெங்காயத்தாள், கொத்தமல்லி, வெள்ளை மிளகுத் தூள். புளிப்பு வேண்டுமானால் மிளகாய் ஊறின வினிகர் அரைக் கரண்டி.

முட்டை போடுவது அங்கே வழக்கம், கிண்ணத்தில் பச்சை முட்டையை உடைத்து மேலே கொதிக்கும் கஞ்சியை ஊற்றுவார்கள். அது அரைவேக்காடுதான். அப்பாவின் வயதுக்கு அது வேண்டாம், முட்டையைத் தனியாக முழுசாக வேகவைத்துப் போடுங்கள்.

அடிப்பிடித்த வாசனை வந்துவிட்டதே என்று கஞ்சியைக் கொட்டிவிடாதீர்கள். பாங்காக்கின் பாங் ராக் பகுதியில், சீலோம் மாரியம்மன் கோவிலிலிருந்து நடந்தே போகலாம், சரோன் குருங் சாலையில் ஜோக் பிரின்ஸ் என்ற பழைய கடை இருக்கிறது. அதன் புகழே அந்த லேசான தீய்ந்த புகை வாசனையால்தான், மிஷலின் உணவக வழிகாட்டிப் பட்டியலிலும் வந்த கடை. லேசாகப் பிடித்திருந்தால் அடியைச் சுரண்டாமல் மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். கசந்தால்தான் கொட்ட வேண்டும்.

புழுங்கல் அரிசி கூடவே கூடாது என்று சொன்னேன் அல்லவா, ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். ஜோக் அல்லாமல் காவ் தொம் என்று இன்னொன்று அங்கே இருக்கிறது. அதில் பருக்கை முழுசாகத்தான் நிற்க வேண்டும், சாறு தெளிவாக இருக்க வேண்டும். இதற்கு முந்தின நாள் சோறு நல்லது, புழுங்கல் சோறும் சரி. ஆனால் அது இரவே ஃபிரிட்ஜில் வைத்த சோறாக இருக்க வேண்டும், அடுப்பங்கரையில் மூடி வைத்த சோறு வேண்டாம். அப்படி வைத்த சோற்றில் உருவாகும் சில நச்சுகள் மறுபடி கொதித்தாலும் போகாது. சோற்றைத் தண்ணீரில் அலசி வடித்து, கொதிக்கும் சாறில் போட்டு மூன்று நிமிஷம், உடனே இறக்கி உடனே சாப்பிட வேண்டும். வைத்திருந்தால் சோறு சாறையெல்லாம் குடித்துவிட்டு ஜோக்கும் இல்லாமல் காவ் தொமும் இல்லாமல் நிற்கும். கொடுவா மீன் துண்டுகள் போட்டால் அருமை, அங்கேயும் அதே மீன்தான் போடுகிறார்கள். பருக்கை நிற்பதால் அப்பாவுக்கு இது அவ்வளவு தோதுப்படாது. வீட்டில் மற்றவர்களுக்குச் செய்துகொள்ளலாம். கோழி, இறால் எதுவானாலும் முறை இதேதான். விலக்கு காவ் தொமுக்கு மட்டும். 'அப்போ ஜோக்குக்கும் பாதி புழுங்கல் கலக்கலாமா' என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். கூடாது.

கடையில் பக்கத்தில் வைத்த பொரித்த மாவுத் துண்டு, பாதொங்கோ, அதற்கு மாவு புளிக்க வைத்துப் பொரிக்கிற வேலை பெரியது, முதல் நாளே இறங்க வேண்டாம். சேமியாவைக் கொஞ்சம் எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்துத் தூவுங்கள், அங்கேயும் சில கடைகளில் பொரித்த நூடுல்ஸ் தூவித்தான் கொடுக்கிறார்கள். அப்பாவின் கிண்ணத்தில் மட்டும் தூவி ஐந்து நிமிஷம் ஊறின பிறகு கொடுங்கள்.