வட்டவடையில் ஹாப்ஸ் வருமா?

கேள்வி: இடுக்கி மலையில் வட்டவடைக் கோவிலூர்ப் பக்கம் பூண்டு போடும் அரை ஏக்கர் தட்டு நிலம் இருக்கிறது. பெங்களூரு பீர் ஆலைகளுக்கு ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூ) விளைவித்துக் கொடுக்கலாம் என்கிறார்கள். இறங்கலாமா?

அரை ஏக்கரிலும் இறங்காதீர்கள். இருபது கொடி வைத்துப் பாருங்கள், அதுவும் விளக்கு போட்டு.

உங்களுக்குத் தடை குளிரல்ல, பகல் நீளம். ஹிமாச்சலத்தின் லாகௌலில் ஹாப்ஸ் விளைகிறது. அங்கே ஜூனில் பகல் 14 மணி நேரத்துக்கு மேல். வட்டவடையில் அப்போதும் சுமார் 12¾ மணிதான். பகல் குறைந்தால் பூக்கிற செடி இது. இங்கே வெறுமனே நட்டால் இடுப்பு உயரத்திலேயே நாலு கூம்பு (அதுதான் ஹாப்ஸ் பூ) விட்டுவிட்டு நின்றுவிடும்.

ஓசூர்ப் பக்கம் செவ்வந்திக்கு ராத்திரி பல்பு எரிப்பார்களே, அதே வேலைதான். பொழுது சாய்ந்ததும் ஐந்து, ஐந்தரை மணி நேரம் எல்இடி எரியட்டும். வெயிலும் விளக்குமாக 17 மணி வர வேண்டும். கொடி உச்சிக் கம்பியைத் தொட்ட பிறகு அணைத்தால் மொட்டு வைக்கும். இடையில் சில ராத்திரி கரண்ட் போனாலும் கொடி பாதி உயரம் ஏறும்போதே பூத்துவிடும். இன்வெர்ட்டர் செலவையும் கணக்கில் சேருங்கள். ஜனவரியில் துளிர்க்க விட்டால் ஜூன் மழைக்கு முன் பறித்துவிடலாம். ஈரத்தில் அடிச்சாம்பல் நோய் கூம்பைப் பழுப்பாக்கிவிடும்.

பெண்செடி மட்டும் வேண்டும். பக்கத்தில் ஆண்செடி இருந்தால் கூம்பில் விதை பிடித்துத் தரம் கெடும். பையில் ஒளித்துக் கொண்டுவரும் வெளிநாட்டு வேர்த்துண்டு வேண்டாம். இறக்குமதி அனுமதி கட்டாயம், வைரஸும் கூடவே வரும்.

பந்தல் 18 அடி. 22 அடி கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) கம்பத்தில் 4 அடியை மண்ணுக்குள் இறக்குங்கள். நனைந்த கொடியின் பாரம் ஓரக் கம்பத்தைத்தான் சாய்க்கும், அங்கே இழுகம்பி அவசியம். செடிக்குச் செடி 3 அடி, வரிசை இடைவெளி 10 அடி. செடிக்கு இரண்டு தேங்காய்நார்க் கயிறு, கயிற்றுக்கு இரண்டு மூன்று தளிர், மிச்சத்தை அறுத்துவிடுங்கள். கோயிலை வலம் வருகிற திசையில் சுற்றிவிடுங்கள், மாற்றிச் சுற்றினால் அவிழ்ந்து விழும். தண்டில் கொக்கிச் சுணை உண்டு, முழுக்கைச் சட்டை போடுங்கள்.

கூம்பை நசுக்கினால் காகிதம்போல் சரசரக்க வேண்டும். பிளந்தால் அடியில் மஞ்சள் தூள் விரலில் பிசுக்கென்று ஒட்ட வேண்டும். பறித்த அன்றே உலர்த்த ஆரம்பியுங்கள். சூடு 60 டிகிரியைத் தாண்டக்கூடாது. ஏலக்காய் உலர்த்தும் பக்கத்து ஸ்டோரில் போடலாமே என்று தோன்றும். ஏலக்காய் வாசனை ஏறிவிடும், வேண்டாம். நடுக்காம்பு வளையாமல் ஒடிந்தால் பதம். 5 கிலோ பச்சை 1 கிலோவாகும். காற்று நீக்கிப் பொதிந்து ஃப்ரீசரில் வையுங்கள்.

மூன்றாம் வருஷம் எல்லாம் சரியாக அமைந்தால் இருபது செடிக்கு 10 கிலோ உலர்ந்த கூம்பு கிடைக்கலாம். ஆலைகள் பெரும்பாலும் பெல்லட்தான் (கூம்பைப் பொடித்து அழுத்திய குச்சி உருண்டை) போடுகின்றன. ஆகவே முழுக் கூம்பாக எடுப்பார்களா, கசப்பைத் தரும் ஆல்ஃபா அமில அளவு எவ்வளவு கேட்பார்கள் என்று நடுவதற்கு முன்பே ஆலையில் பீர் காய்ச்சும் ப்ரூமாஸ்டரிடம் பேசிவிடுங்கள். முதல் பறிப்பிலேயே ஒரு கைப்பிடியைச் சோதனைக்கு அனுப்புங்கள். ஆல்ஃபா அமில எண் இல்லாத சரக்கை யாரும் வாங்கமாட்டார்கள்.