இலவச மென்பொருளோடு உட்கார்ந்திருக்கும் மகளுக்கு வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. கூடப் படிப்பவர்கள் பணம் கட்டி கேட் (CAD, கணினியில் வரைந்து வடிவமைப்பது) சான்றிதழ் வாங்கிக்கொண்டிருக்க, இவள் மட்டும் ஓப்பன்எம்டிஏஓ என்று எதையோ இறக்கி வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாள், இது வேலைக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும். ஆனால் அது மட்டும் போதாது.

காசு கொடுக்காமல் கிடைக்கிறதே என்று அதைக் குறைவாக எடைபோட வேண்டாம். பல துறைக் கணக்குகளை ஒன்றாகக் கோத்து மிக நல்ல வடிவமைப்பைத் தேட உதவும் மென்பொருள் அது; உருவாக்கியது நாசாவின் கிளென் ஆய்வு மையம். அதே வகையைச் சேர்ந்த டகோட்டா, 1994 முதல் அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தில் வளர்ந்து வருவது. காற்றோட்டத்தைக் கணக்கிடும் இன்னொரு இலவச மென்பொருளான எஸ்யூ2, ஸ்டான்ஃபோர்டில் தொடங்கியது. ஓப்பன்எம்டிஏஓ அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருவதால், நிறுவனங்கள் தங்கள் சொந்த நிரலை வெளியிடாமலேயே அதைப் பயன்படுத்தலாம்.

அவள் செய்வது என்ன என்கிறீர்களா? விமான இறக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றின் விசை இறக்கையை வளைக்கும். வளைந்த இறக்கையின் மேல் அந்த விசையே மாறிவிடும். அதனால் வளைவும் மறுபடி மாறும். காற்றியக்கக்காரர் ஒரு பக்கம், கட்டமைப்புக்காரர் இன்னொரு பக்கம் தனித்தனியாகக் கணக்குப் போட்டால் இரண்டு விடையும் ஒன்றோடொன்று பொருந்தாது. இரண்டையும் ஒரே கணக்காகக் கோத்து, எடையும் எரிபொருளும் குறையும்படி தகட்டின் தடிமனையும் முறுக்கலையும் தேடுவதுதான் இந்தத் துறை.

இனி வருவது மகளுக்கு. படித்துக் காட்டுங்கள்.

செல்லர் கணக்கை, அதாவது இந்தத் துறையில் பழகுவதற்கான சிறிய எடுத்துக்காட்டை, ஓட்டிப் பார்த்திருப்பாய். விடை சுமார் 3.183 வந்ததும் மூடி வைத்துவிடாதே. தொடக்க மதிப்புகளை மாற்றி ஓட்டு; அதே இடத்துக்கு வருகிறதா பார். பிறகு நீ எழுதிய வகைக்கெழுக்களை ஓப்பன்எம்டிஏஓவிலேயே உள்ள 'செக் பார்ஷியல்ஸ்' என்ற சோதனைக் கட்டளை கொண்டு சோதி. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்: வகைக்கெழுவில் ஒரு குறி மாறினாலும் நிரல் பிழை காட்டாமல் ஓடும், ஆனால் உகப்பாக்கி (சிறந்த விடையைத் தேடும் நிரல்) நொண்டும், அல்லது தவறான இடத்தில் நின்றுவிடும். நூறு வடிவமைப்பு மாறிகள் இருந்தால், சாதாரண வேறுபாட்டு முறையில் ஒரு சரிவைக் கணக்கிடவே நூற்றொரு முறை ஓட்ட வேண்டும். வெளியீட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடும் அட்ஜாயின்ட் முறையில் செலவு மாறிகளின் எண்ணிக்கையை அவ்வளவாகச் சார்ந்திருக்காது. எத்தனை வெளியீடுகள் என்பதைச் சார்ந்தது. ஏன் என்று காகிதத்தில் எழுதி விளக்க முடிந்தால், நேர்முகத் தேர்வில் எந்தச் சான்றிதழையும் விட அது பேசும்.

மறுபடி உங்களுக்கு அம்மா. பட்டம் முடித்த கையோடு உகப்பாக்கப் பொறியாளர் என்ற பெயரில் திறந்திருக்கும் வேலைகள் குறைவு. அந்தக் குழுக்களில் முதுகலை, முனைவர் படிப்பு முடித்தவர்களே அதிகம் இருப்பார்கள். முதல் வேலைக்கான விளம்பரங்கள் கேட்பது வேறு: கேட், எஃப்இஎம் (பொருளின் வலிமையைக் கணினியில் கணக்கிடுவது), சிஎஃப்டி (காற்று, நீர் ஓட்டத்தைக் கணக்கிடுவது). ஆகவே ஏதாவது ஒன்றில் அவள் ஆழமாக இறங்க வேண்டும். கட்டமைப்பில் தகைவுப் (stress) படத்தைப் பார்த்ததுமே 'இங்கே ஏதோ தப்பு' என்று சொல்லத் தெரியாதவரிடம் உகப்பாக்கியைக் கொடுத்தால், அது தப்பான மாதிரியைத்தான் உகந்ததாக்கித் தரும். நிறுவனங்கள் கேட்கும் மென்பொருள் ஒன்றையும் பழகட்டும். அப்படிப்பட்ட மென்பொருள் விற்கும் ஆன்சிஸ் நிறுவனம் மாணவர் பதிப்பை இலவசமாகவே தருகிறது. அதற்காகப் பெரிய தொகை கட்டிப் பயிற்சி மையத்தில் சேர்க்கத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு ஓப்பன்எம்டிஏஓ மேல் கட்டிய, இறக்கைக் கணக்குக்கான ஓப்பன்ஏரோஸ்ட்ரக்ட் நல்ல தேர்வு. அதன் மாதிரிகள் எளியவை. சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். எடுத்துக்காட்டை அப்படியே நகலெடுக்காமல் ஒரு கட்டுப்பாட்டைத் தானே சேர்த்து, விடை ஏன் அப்படி மாறியது என்று நான்கு பக்கம் எழுதி, நிரலோடு கிட்ஹப்பில் (நிரல்களைப் பகிரும் இணையதளம்) போடச் சொல்லுங்கள். அடுத்த விண்ணப்பத்தில் முதல் வரியாக அந்த இணைப்பு இருக்கட்டும்.