கிராமத்தில் கணினிப் பயிற்சி கொடுத்தால் ஊருக்கு வருமானம் வருமா?

வரும், வேலையும் அந்த வட்டாரத்திலேயே கிடைத்தால். பயிற்சி மட்டும் கொடுத்தால் பிள்ளைகள் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறிவிடுவார்கள்.

தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011இல் அலுவலகம் திறந்தது. அதன் பயிற்சிப் பள்ளியில் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. மாதம் உதவித்தொகையும் உண்டு. ஊர்ப்பக்கமே சம்பளம் என்றால் வாடகை, மளிகை, டூவீலர் மெக்கானிக் என்று பணம் அங்கேயே சுற்றும்.

பலர் சறுக்குவது இணைய இணைப்பில்தான். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இணைப்பு தருவதே, கிராமங்களுக்கு இணையம் கொண்டுபோகும் அரசுத் திட்டமான பாரத்நெட்டின் இலக்கு. கேபிள் ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிட்டால் பயிற்சி நடக்கும் பள்ளிக்கு என்ன பயன்? யூபிஎஸ் பேட்டரி செத்திருந்தால், கரண்ட் போனதும் நெட்டும் போய்விடும்.

30 பேர் ஒரே நேரத்தில் வீடியோ பாடம் பார்க்க, ஆளுக்கு 1.5 எம்பிபிஎஸ் (Mbps, இணைய வேகத்தின் அளவு) வைத்தாலும் 45 எம்பிபிஎஸ் வேண்டும். அவ்வளவு வேகம் இல்லையா? இரவிலேயே பாடங்களை ஒரு கணினியில் இறக்கி வைத்து, காலையில் லேன் (அறைக்குள் கணினிகளை இணைக்கும் உள் வலை) வழியாக எல்லோருக்கும் கொடுங்கள். இணையத்தை வீட்டுப்பாடம் அனுப்பவும் சந்தேகம் கேட்கவும் வைத்துக்கொள்ளலாம்; அதற்கு 5 எம்பிபிஎஸ் கூடத் தாங்கும்.