வாரம் ஒரு கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சில பல்கலைக்கழகங்களில் வாரந்தோறும் ஒரே ஒரு கணக்கைக் கொடுத்துப் போட்டி நடத்துகிறார்கள். பருவத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கும் என்னால், அப்படிப்பட்ட கணக்குகளில் ஒன்றைக்கூட முடிக்க இயலவில்லை. ஏன்?
– இளங்கலைக் கணித மாணவி, கும்பகோணம்

பதில்: இரண்டும் கேட்கிற திறமை வேறு. தேர்வில் வினா எந்தப் பாடத்திலிருந்து வந்திருக்கிறது என்பது தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். வாரக் கணக்கில் அந்தத் துப்பே கிடையாது. அது எண்ணியலைச் சேர்ந்ததா வடிவியலைச் சேர்ந்ததா என்று கண்டுகொள்வதற்கே இரண்டு நாள் போய்விடும். அதற்காகத்தான் ஒரு வாரம் தருகிறார்கள்.

அமெரிக்காவின் செயின்ட் பால் நகரிலுள்ள மெக்காலஸ்டர் கல்லூரியில், ஜோசப் கான்ஹவுசர் என்ற பேராசிரியர் 1968-இல் இத்தகைய வாரக் கணக்கைத் தொடங்கி, ஏறத்தாழ கால் நூற்றாண்டு நடத்திவந்தார். 1992-இல் அவர் மறைந்தபின் ஸ்டான் வேகன் அப்பொறுப்பை ஏற்றார். பர்டியூ பல்கலைக்கழகத்திலும் தென் கொரியாவின் கெய்ஸ்ட் நிறுவனத்திலும் இவ்வழக்கம் உண்டு. இவற்றுக்கு நேர் எதிர்முனையில் இருப்பது, அமெரிக்க, கனடா மாணவர்களுக்காக 1938 முதல் நடைபெறும் புட்னம் போட்டி. அதில் ஆறு மணி நேரத்தில் 12 கணக்குகளைச் செய்ய வேண்டும். மொத்தம் 120 மதிப்பெண். கணிதத்தில் தேர்ந்தவர்களே எழுதும் அந்தப் போட்டியில், பாதிப்பேர் பூஜ்யமோ ஒன்றோ மட்டும் பெற்ற ஆண்டுகள் உண்டு. ஆகையால், முடியவில்லை என்று மனம் தளர வேண்டாம்.

கணக்கை வரிக்கு வரி மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். பேருந்தில் நின்றபடியே, பேனா இல்லாமல் அதை நினைத்துப் பார்க்க முடிய வேண்டும். தவறிய முயற்சிகளையும் தேதியிட்டு ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். புதன்கிழமை அடித்துவிட்ட வரியிலேயே சனிக்கிழமை வழி திறந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கல்லூரி வாரப் போட்டியில் இப்படிக் கேட்டிருந்தார்கள்: ‘ஒரு தெருவில் 50-க்கு மேல் 500-க்குள் வீடுகள் உள்ளன, 1 முதல் வரிசையாக எண்ணிட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகை, வலப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். அந்த வீட்டின் எண் என்ன?’ 204 என்று சரியான விடை எழுதிய எனக்குப் பத்துக்கு இரண்டே மதிப்பெண் தந்தார்கள். இது நியாயமா?
– பொறியியல் மாணவர், ஈரோடு

பதில்: நியாயமே. விடை சரி என்பதில் ஐயமில்லை: தெருவில் 288 வீடுகள், 204-க்கு இருபுறமும் கூட்டுத்தொகை 20,706. ஆனால் வேறு விடை இல்லை என்று நீங்கள் காட்டவில்லை, மீதி எட்டு மதிப்பெண்ணும் அதற்குத்தான்.

அதைக் காட்டுவது கடினமன்று. வீட்டின் எண் x, மொத்த வீடுகள் n என்றால், சமன்பாட்டைச் சுருக்கும்போது x-இன் வர்க்கம், n-ஐயும் n+1-ஐயும் பெருக்கி வரும் தொகையில் பாதி என்று கிடைக்கும். அடுத்தடுத்த எண்களுக்கு 1-ஐத் தவிரப் பொது வகுத்தி இல்லை; எனவே அவ்விரண்டில் ஒற்றைப்படை எண்ணும், இரட்டைப்படை எண்ணின் பாதியும் தனித்தனியே முழு வர்க்கங்களாக இருந்தாக வேண்டும். நம் எல்லைக்குள் வரும் ஒற்றைப்படை வர்க்கங்கள் 81, 121, 169, 225, 289, 361, 441 என்ற ஏழுதான். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் உள்ள எண்ணைப் பாதியாக்கிப் பாருங்கள்: 81-க்கு 40, 41, இரண்டும் வர்க்கமல்ல. 289-க்கு வரும்போது மட்டும் 288-இன் பாதி 144, அதாவது 12-இன் வர்க்கம். 17-ஐ 12-ஆல் பெருக்கினால் 204. மற்ற ஆறும் தேறாது. இந்த அரைப் பக்கத்தை எழுதியிருந்தால் முழு மதிப்பெண் உங்களுடையது. (49 வீடுகள் உள்ள தெருவில் 35-ஆம் வீடும் பொருந்தும், அதை விலக்கவே ‘50-க்கு மேல்’ என்றார்கள். நல்ல கணக்கில் ஒரு சொல்லும் வீணாக இராது.)

இந்தக் கணக்கு 1914-இல் லண்டனின் ஸ்ட்ராண்ட் மாத இதழில் வெளிவந்தது. கேம்பிரிட்ஜில் அப்போது படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் புள்ளியியல் அறிஞரான மகலனோபிஸ் இதைப் படித்துக்காட்ட, அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்த ராமானுஜன், எல்லையே இல்லாத தெருக்களுக்கும் பொருந்தும்படி, எல்லா விடைகளையும் தரும் ஒரு தொடர் பின்னத்தை (பின்னத்துக்குள் பின்னமாக நீளும் கோவையை) சொல்லிவிட்டார்.

கேள்வி: நம் நாட்டில் இத்தகைய வழக்கம் உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: இளநிலை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் மாதவா கணிதப் போட்டி இருக்கிறது. புதிர் வெளியிட்டு விடைக்குக் காத்திருக்கும் மரபோ அதைவிடப் பழையது. 1907-இல் வி. ராமசாமி ஐயர் தொடங்கிய இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அதற்கென்றே ஒரு பகுதி இருந்தது. அதில் 1911-இல் ராமானுஜன், வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவின்றி அடுக்கிய ஒரு கோவையின் மதிப்பைக் கேட்டார். ஆறு மாதத்துக்கு மேலாகியும் எவரும் தீர்வு அனுப்பாததால், விடை 3 என்று அவரே விளக்கி எழுதினார்.

1913-இல் அவர் கேட்ட மற்றொன்று: 2-இன் 3, 4, 5, 7, 15-ஆம் அடுக்குகளிலிருந்து 7-ஐக் கழித்தால் முழு வர்க்கம் வருகிறது, வேறு அடுக்குகள் உண்டா? ‘இல்லை’ என்ற நிரூபணத்தை நார்வே நாட்டு நாகெல் 1948-இல் தந்தார். ராமானுஜன் மறைந்து அப்போது 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கேள்வி: எங்கள் கல்லூரியில் இதைத் தொடங்க எவ்வளவு செலவாகும்?
– கணித விரிவுரையாளர், திருநெல்வேலி

பதில்: துறை வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை, விடை போட ஒரு பெட்டி, இவை போதும். திங்கட்கிழமை தவறாமல் கணக்கை ஒட்டுங்கள். அடுத்த திங்களன்று, முழுத் தீர்வு அனுப்பியவர்களின் பெயர்களையும் அவற்றுள் மிக அழகாக எழுதப்பட்ட ஒரு தீர்வையும், அந்த மாணவரின் கையெழுத்திலேயே, பக்கத்தில் ஒட்டுங்கள். முதல் மாதம் இரண்டு தீர்வுகள்தான் வரும்; அந்த மாதத்தில் நிறுத்திவிடாதீர்கள்.