‘இப்படிச் செய்’ என்றால் சும்மா பார்க்கிறான்: பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

ஆட்டிசமோ வளர்ச்சித் தாமதமோ உள்ள குழந்தைகளின் பெற்றோர் அனுப்பிய கேள்விகளில், பிறர் செய்வதைப் பார்த்துச் செய்யக் கற்பது பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

மகனுக்கு மூன்றரை வயது. தெரபியில் மாதக்கணக்காகக் கை தட்டுவது, தலையைத் தொடுவது, மேஜையைத் தட்டுவது என்றே போகிறது. காசு கட்டி இதைத்தான் கற்க வேண்டுமா?

பணம் கட்டுகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். கை தட்டுவதால் தனியாக ஒரு பயனும் இல்லை. எதிரில் இருப்பவர் எதைச் செய்தாலும் அதைப் பார்த்து உடனே தானும் செய்வது, அதுதான் அங்கே பாடம். அம்மா துடைப்பத்தை எடுத்தால் தானும் ஒரு குச்சியை எடுத்துக் கூட்டும் குழந்தைக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை. அது தானாக வராத குழந்தைக்குப் பல் தேய்ப்பது, சட்டை மாட்டுவது, பேசுவது என ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கைபிடித்துக் கற்றுத்தர நேரிடும்.

1967-இல் டொனால்ட் பேயர், ராபர்ட் பீட்டர்சன், ஜேம்ஸ் ஷெர்மன் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறைக்கே அடித்தளம். கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ள, 9 முதல் 12 வயது வரையிலான மூன்று குழந்தைகள். யாரைப் பார்த்தும் எதையும் செய்யாதவர்கள். ‘இப்படிச் செய்’ என்று சொல்லி ஆய்வாளர் கையைத் தூக்குவார். குழந்தை சும்மா இருந்தால் அதன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, ஒரு வாய் சாப்பாடு ஊட்டுவார். பிடியை மெல்ல மெல்லத் தளர்த்தினார்கள். பல செயல்கள் இப்படிப் பழகிய பிறகு, அதுவரை கற்றுக்கொடுக்காத செயலைக் காட்டினாலும் குழந்தைகள் முதல் முறையிலேயே செய்தார்கள். அவற்றில் சிலவற்றுக்குச் சாப்பாடே கொடுக்கவில்லை. மற்றவற்றுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த வரை அவையும் தொடர்ந்தன. பார்த்துச் செய்வதற்குச் சாப்பாடு என்ற தொடர்பை எடுத்துவிட்டதும் எல்லாமே சரிந்தன. திரும்பக் கொண்டுவந்ததும் மீண்டன. பிறகு இதே வழியில் வாயசைவு, ஒலி, சொல் என்று பேச்சுக்குப் போனார்கள்.

ஆகவே தெரபிஸ்டிடம் ஒன்று கேளுங்கள்: சொல்லித்தராத செயலைக் காட்டினால் செய்கிறானா? பழகிய செயல்களுக்கு நடுவே காதைப் பிடிப்பது, டம்ளரைக் கவிழ்ப்பது போன்ற புதியவற்றை அவ்வப்போது நுழைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு பதிவேட்டிலேயே இல்லை, பழைய ஐந்தாறு செயல்கள்தான் தினமும் ஓடுகின்றன என்றால் உங்கள் கோபம் நியாயம்.

நான் ‘கை தட்டு’ என்றால் தட்டுகிறாள். அப்படியானால் பார்த்துச் செய்ய வருகிறது என்றுதானே அர்த்தம்?

வார்த்தை புரிகிறது என்று அர்த்தம். நீங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாலும் தட்டுவாள். செயலின் பெயரைச் சொல்லாமல் ‘இப்படிச் செய்’ என்று மட்டும் சொல்லி மூக்கைத் தொடுங்கள், அடுத்து மேஜையைத் தட்டுங்கள். உங்கள் செயல் மாறும்போது அவள் செயலும் மாறினால்தான் பார்க்கிறாள். ஒவ்வொன்றுக்கும் சில விநாடிகள் காத்திருங்கள்.

ஒவ்வொரு தடவையும் நாங்கள் கையைப் பிடித்தால்தான் செய்கிறான். பிடிக்கட்டும் என்று காத்தே இருக்கிறான்.

அவன் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. பிடித்துச் செய்வித்தாலும் பரிசாக அதே முறுக்கு, தானே செய்தாலும் அதே முறுக்கு என்றால் யார்தான் மெனக்கெடுவார்கள்? முடிந்தால் இரண்டு பேர் சேருங்கள். ஒருவர் முன்னால் உட்கார்ந்து காட்ட, மற்றவர் பின்னால் இருந்து வாய் திறக்காமல் உதவட்டும். முதலில் விரல்களோடு சேர்த்துப் பிடிப்பவர் பிறகு மணிக்கட்டையும், அடுத்து முழங்கையையும் தொட வேண்டும். கடைசியில் தோளில் லேசாக ஒரு தொடல் போதும். உதவி குறையக் குறையப் பரிசு பெரிதாகட்டும். ‘இப்படிச் செய், இப்படிச் செய்’ என்று நச்சரிக்க வேண்டாம். ஒரு முறை சொல்லி, காட்டி, சற்றுப் பொறுத்து, அப்புறம் உதவுங்கள். உடம்பால் காட்டும் செயல்களைவிடப் பொருளோடு செய்பவை பல குழந்தைகளுக்கு எளிதாக வரும் என்பதால், கிண்ணத்தில் கட்டையைப் போடுவது, கிலுகிலுப்பையை ஆட்டுவது என்று தொடங்குங்கள். கையைப் பிடித்தாலே அழுது விலகும் குழந்தையை மல்லுக்கட்டிப் பிடிக்காதீர்கள்.

‘பேர் என்ன?’ என்று கேட்டால் ‘பேர் என்ன’ என்றே திருப்பிச் சொல்கிறான். நிறுத்துவது எப்படி?

நிறுத்தாதீர்கள்! பேச்சைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல கைப்பிடி கிடையாது. ஒலியைத் திருப்பிச் சொல்ல வைப்பதற்கே, ஆட்டிச சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான உளவியலாளர் லோவாஸும் சக ஆய்வாளர்களும் 1966-இல் படிப்படியாகப் பாடுபட்டார்கள். முதலில் எந்த ஒலி எழுப்பினாலும் பரிசு. பிறகு பெரியவர் சொன்ன ஆறு விநாடிக்குள் ஒலித்தால் மட்டும். பிறகு அதைப் போலவே ஒலித்தால். (லோவாஸின் ஆய்வகத்தில் அந்த நாட்களில் குழந்தைகளை அடித்ததும் உண்டு. அந்தப் பகுதியை யாரும் பின்பற்ற வேண்டாம்.) உங்கள் மகன் இந்தப் படிகளைத் தாண்டியவன். கேள்வியைத் தணிந்த குரலில் கேட்டு, மூச்சுவிட இடமில்லாமல் அவன் பெயரை உரக்கச் சொல்லுங்கள். பெயரை மட்டும் திருப்பிச் சொன்னால் பாராட்டு. நாளாக ஆக நீங்கள் பெயரின் முதல் எழுத்தை மட்டும் சொன்னால் போதும். பிறகு வெறும் உதட்டசைவு.

போனில் வீடியோ பார்த்துக் கற்பாளா?

கற்கலாம். 2000-இல் வந்த ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள ஐந்து குழந்தைகள் நேரில் செய்துகாட்டியதைவிட வீடியோவில் பார்த்ததை விரைவாகக் கற்றார்கள். ஆனால் அது ஒரே செயலைக் காட்டவென்று தனியாக எடுத்த படம். அதுபோல் அக்கா கை கழுவுவதை ஒரு நிமிடத்துக்குள் எடுத்துக் காட்டி, கையோடு குழாயடிக்குக் கூட்டிப்போங்கள். கார்ட்டூன் ஓடிக்கொண்டே இருப்பது இந்தக் கணக்கில் சேராது.

உட்காரவே மாட்டேன் என்கிறான். எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் அவனைப் பார்த்துச் செய்யுங்கள். ஒரே மாதிரிப் பொம்மைகள் இரண்டு இரண்டாக வாங்கிவைத்து, அவன் காரை உருட்டினால் நீங்களும் உருட்டுங்கள்; குதித்தால் குதியுங்கள். அவன் உங்களைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்ததும் நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவில் புதிதாக ஒன்றைக் காட்டுங்கள். மூன்று தடவை காட்டியும் செய்யாவிட்டால் லேசாக உதவிவிட்டு, மீண்டும் அவன் வழிக்கே போய்விடுங்கள். புரூக் இங்கர்சால் என்ற உளவியல் ஆய்வாளர் வகுத்த இந்த முறைக்கு நாற்காலியும் மேஜையும் தேவையில்லை. தரையில் உருள முடிகிற பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் வலது கையைத் தூக்கினால் இடது கையைத் தூக்குகிறான். தவறு என்று குறிக்கலாமா?

வேண்டாம், சரி என்றே குறியுங்கள். எதிரில் இருப்பவரைப் பார்த்துச் செய்தால் கண்ணாடியில் தெரிவதுபோல் வருவது இயல்பு. வலது இடதெல்லாம் பின்னால் வரும் தனிப் பாடம்.